சும்மா வாங்க, தொட்டியோடு வாங்க

என் பென்சிலில் செவ்வந்தி இலை வாசம் அடிக்கிறது. காலையில் உம் வீட்டு டெக்கில் உட்கார்ந்து, செவ்வந்திச் செடிகளில் பழுத்துப்போன இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவ மறந்து அப்படியே பென்சிலைப் பிடித்துவிட்டேன். அந்தக் கசப்பு வாசம் மூக்கில் ஏறியதும் உம் ஞாபகம் வந்தது. உம் ஞாபகம் வந்ததும் கோபம் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான் எழுதுகிற வேகத்துக்கு அது ஆறிப்போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. முதல் வரியை முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த டீ ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை.

ஆமாம் வே, நான்தான் எழுதுகிறேன். ஆளை வைத்து எழுதவில்லை. பெருவிரலை மையில் உருட்டிவிட்டு, தலைமயிரில் துடைத்துக்கொண்டு வங்கியிலிருந்து வெளியே வருவேனே, அதே கைதான். "வாரும், கைநாட்டு ஜமீன்தாரே" என்று கேலி செய்வீர். இப்போது செய்யும் பார்ப்போம். ஒவ்வொரு எழுத்தாக வைத்து, ஒரு சொல் முடிந்ததும் தலையைத் தூக்கி அதைப் பார்க்கிறேன். நான் பிடித்துக்கொள்ளாமலே அது தானாக நிற்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான் உம்மை ஏசப் போகிறேன். உயிரோடு இருந்தபோது உம்மைப் பேசி ஜெயிக்க முடிந்ததில்லை. நடுவில் புகுந்து, "சவத்த விடும்வே, வடையத் தின்னும்" என்று முடித்துவிடுவீர். எழுத்துக்கு நடுவில் எப்படிப் புகுவீர்?

உமக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து எழுதுகிறேன். எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்பது ஒரு காரணம். அதில் நீர் கவனிக்காமல் விட்டது நிறைய இருக்கிறது என்பது இன்னொன்று.

நீர் மரக்கடைக்காரர். நான் பந்தல்காரன். சவுக்குக் கம்புக்கும் மூங்கிலுக்கும் உம் கடைக்கு வந்து, பேரம் பேசிப் பேசியே கூட்டாளிகள் ஆனோம். வயதாகிக் கடையை மூடியபோது, விற்காமல் கிடந்த அயினிப் பலகைகளையும் தேக்குத் துண்டுகளையும் லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தீர். வீட்டின் பின்பக்கம், சமையல்கட்டுக் கதவிலிருந்து ஆற்றுச் சரிவு வரைக்கும், முழங்கால் உயரத்துக்குக் கல்தூண்கள் நட்டு, அவற்றின்மேல் பலகைகளை வரிசையாகப் பரப்பினீர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மேலே கூரை இல்லை, சுற்றிச் சுவர் இல்லை. எண்ணெய் பூசி அது காய்ந்துகொண்டிருந்தபோது நான் வந்து சேர்ந்தேன்.

"என்ன வே இது, பரணைக் கழத்தித் தரையில போட்டிருக்கீரு?"

"பரண் இல்லவே. டெக்கு." வெளிநாட்டிலிருக்கும் மகன் போனில் அனுப்பிய படத்தைக் காட்டினீர். அதில் பூத்தொட்டிகளுக்கு நடுவே நாலு வெள்ளைக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். "சாயங்காலம் ஆளுக வந்து இங்கன உக்காந்து பேசிட்டுப் போவாங்க."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மா."

"சும்மா உக்காரவா தேக்குப் பலகை? சரி, மேல ஒரு பந்தலாவது போட்டுத் தாரேன்."

"பந்தல் போட்டா விசேஷம்னு நெனச்சிருவாங்கவே. இங்கன விசேஷமே கிடையாது. அதாம்வே விசேஷம்."

அன்றைக்கு எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆயுசு முழுக்க விசேஷத்துக்குப் பந்தல் போட்டே முதுகு வளைந்தவன் நான். ஒரு காரணமும் இல்லாமல் ஆட்கள் கூடி உட்காரலாம் என்று ஒருவர் சொன்னால் பிடிக்காதா?

முதல் கூட்டத்தை மார்கழியில் வைத்தீர். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, பந்தல்காரனும் சும்மா இருப்பான் என்று கணக்குப் போட்டீர். ஊரில் வேண்டியவர்களிடம் போய், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குச் சும்மா வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தீர். படத்திலிருந்த பூக்களை உம் பெண்டாட்டியிடம், எங்களுக்கெல்லாம் மதினி, அவரிடம் காட்டினீர். மதினி ஒருதரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம்ம வெயிலுக்கு நிக்காது" என்று சொல்லிச் செவ்வந்தியும் டிசம்பர் பூவும் கேந்தியும் தொட்டிகளில் வைத்தார். படியேறும் இடத்தில் அந்திமந்தாரை. ஆள் வருகிற நேரத்துக்குத்தான் அது விரியும்.

ஆட்களும் வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பட்டுச்சேலையும் சரிகை வேட்டியுமாக, ஆளுக்கு ஒரு தாம்பாளம் ஏந்தி வந்தார்கள். தாம்பாளத்தில் பழம், சீனி, வெற்றிலை. பேச்சியம்மா வந்ததும் வராததுமாக, "யாருக்கு நிச்சயம்?" என்று கேட்டாள். டீக்கடை இசக்கி உம் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ பூவ வச்சிக்கிட்டுச் சும்மாங்கீங்களே அண்ணாச்சி? மகனுக்கு வெள்ளைக்காரப் பொண்ணு பாத்தாச்சாமே, எங்கிட்டயே மறைக்கலாமா?" என்று கோபித்துக்கொண்டான். "சும்மாதாம்டே! சத்தியமாச் சும்மா!" என்று நீர் நடு டெக்கில் நின்று கத்தினீர். ஒருவரும் நம்பவில்லை. பெண் யார் என்று சமையல்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நீர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தீர். நானும் சிரித்தேன். ஆனால் அங்கேதான் எல்லாம் தொடங்கியது வே. வந்த தாம்பாளத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. அது நம் ஊர் வழக்கம். திடீரென்று இத்தனை தாம்பாளத்துக்கு எதை வைத்துக் கொடுப்பது? மதினி இரவுச் சாப்பாட்டுக்கு ஊறப்போட்டிருந்த கடலைப்பருப்பை அரைத்து, ஆமவடை சுட்டு, ஒவ்வொரு தாம்பாளத்திலும் வைத்து அனுப்பினார். வடை பேர் வாங்கிவிட்டது. அடுத்த மாதம் நீர் கூப்பிட்டபோது, "மதினி வடை உண்டுல்லா?" என்று கேட்டார்கள். "அது இல்லாமலா" என்றீர். அடுப்பு முன்னால் நிற்கப்போவது யார் என்று யோசித்தா சொன்னீர்?

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக மாதம் ஒரு கூட்டம். டெக் பேரும் ஊரெல்லாம் பரவிவிட்டது. சித்திரை, வைகாசியில் மல்லிகையும் பிச்சியும் காற்று வருகிற மூலையில் இருக்கும். ஆனி, ஆடியில் காற்று தொட்டிகளை உருட்டும் என்று மதினி உயரமான செடிகளை இறக்கிவிட்டு, தட்டையான மண்சட்டிகளில் பட்டுரோஜா பரப்பி வைப்பார். மழை மாதங்களில் காசித்தும்பை. கை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் மரிக்கொழுந்து. நாற்காலியிலிருந்து கையைத் தொங்கப் போட்டால் அதில் உரசி வாசம் எழும்பும். ஓரம் தெரியாமல் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று விளிம்பு முழுக்கக் கேந்தி. எல்லாம் மதினி செய்தது. தொட்டி தூக்கினது, உரம் போட்டது, புழு எடுத்தது, எல்லாம். வந்தவர்கள் யாரைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு என்ன ரசனை!" என்றார்கள்? உம்மைப் பார்த்து. நீர் என்ன செய்தீர்? நெஞ்சைத் தடவிக்கொண்டு பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, "நான் இருக்கிற வரைக்கும் இங்கன பூ இருக்கும்வே" என்றீர். ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னீர்.

இந்த இடத்தில் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. சீவிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை இன்னொருதரம் எழுதுகிறேன், அழுத்தாமல். நான் இருக்கிற வரைக்கும் இங்கன பூ இருக்கும். அது என்ன செய்தது தெரியுமா உமக்கு?

மாசியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தீர். உம் வாசலில் பந்தல் போட்டது நான்தான். டெக்குக்குப் பந்தல் வேண்டாம் என்று தடுத்தவர், அன்றைக்குத் தடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்திருந்த உம் அக்கா பின்பக்கம் வந்து டெக்கைப் பார்த்தார். கடைசிச் செவ்வந்திகள் தொட்டி கொள்ளாமல் பூத்திருந்தன.

"துட்டி வீட்டுல இதென்ன, பூ இப்படிச் சிரிச்சிக்கிட்டு நிக்கி? பாக்குறவன் என்ன சொல்லுவான்?" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏய், போறவங்க ஆளுக்கு ஒரு தொட்டியத் தூக்கிட்டுப் போங்க" என்றார்.

"அக்கா, அது மதினி வளத்த செடி" என்றேன்.

"என் தம்பி என்ன சொன்னான்? நான் இருக்கிற வரைக்கும் இங்கன பூ இருக்கும்னு சொன்னானா இல்லையா? நீரும் கேட்டீருல்லா?"

"கேட்டேன்."

"இப்ப அவன் இருக்கானா?"

உம் வாயால் சொன்ன பெருமைப் பேச்சு அது. உம் பெண்டாட்டியின் பூவை அடியோடு தூக்க அதுவே கடப்பாரையாகிவிட்டது. செத்துப்போனவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? ஒரே ஒருநாள் கூட்டத்தில், "இதெல்லாம் அவ வச்ச பூ" என்று சொல்லியிருந்தீரானால், நான் அதைப் பிடித்துக்கொண்டு அக்காவோடு மல்லுக்கு நின்றிருப்பேன். எனக்குப் பிடிக்க ஒரு கொம்பைக்கூட விட்டுவைக்காமல் போய்விட்டீர்.

இசக்கி, பேச்சியம்மா, கூட்டத்துக்குத் தவறாமல் வரும் பஸ் கண்டக்டர் என்று ஆளுக்கு ஒன்றாகத் தூக்கினார்கள். துக்க வீட்டுப் பொருள் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் தூக்கினார்கள். மதினி சமையல்கட்டு வாசலில் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். "செவ்வந்திக்குத் தண்ணி ரொம்ப ஊத்திராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு டெக்கைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டி இருந்த இடமெல்லாம் பலகையில் வட்ட வட்டமாகக் கறை.

நான் எழுத்துப் படித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் நீர்தான் காரணம். உம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்தார்கள். உம் படத்துக்குக் கீழே வருத்தப்படுகிறவர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது. "உம்ம பேரும் இருக்கு அண்ணாச்சி" என்றான் இசக்கி. எங்கே என்று கேட்க வெட்கமாக இருந்தது. அவன் போன பிறகு சுவர் பக்கத்தில் நின்று தேடினேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. உமக்காக வருத்தப்படுகிற இடத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஆத்திரத்தோடு நேரே உம் வீட்டுக்குப் போனேன். மதினி பள்ளிக்கூடப் படிப்பு முடித்தவர். எனக்குத் தெரிந்து எழுதப் படிக்கச் சொல்லித்தர வேறு ஆள் இல்லை.

"எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்க மதினி."

"வடை சுட்டு முடிஞ்சு இப்பந்தான் கை ஆறுது. அதுக்குள்ள அடுத்த வேலையா?" என்றார். ஆனால் உள்ளே போய்ச் சுண்ணாம்புக் கட்டி எடுத்துவந்தார். பலகையைக் காட்டி, "இன்னா, கோடு போட்டுத்தான இருக்கு. இதுல எழுதுங்க" என்றார்.

நீர் போட்ட டெக்கில்தான் வே நான் எழுத்துப் படித்தேன். ஒரு பலகை ஒரு வரி. எழுத்து இடைவெளிக்குள் இறங்கிவிடாமல் எழுத வேண்டும். தவழ்ந்து தவழ்ந்து எழுதினேன். என் பெயரை முதல்முதலாக முழுசாக எழுதி முடித்த அன்றைக்கு, பஸ் நிறுத்தத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். மழையில் சுவரொட்டி பாதி கிழிந்திருந்தது. என் பெயர் கிழியாமல் இருந்தது. உம் படத்தைப் பார்த்து, "இன்னா நிக்கேன் வே" என்று சத்தமாகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

படிக்கிற நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். நான் டெக்கில் தவழ்வேன். மதினி சமையல்கட்டுப் படியிலேயே இருந்துகொண்டு, "கொம்பு போடலையே, கொம்பு" என்று சொல்வார். டெக்குக்கு ஏற மாட்டார்.

"மேல வந்து நாக்காலியில உக்காருங்களேன் மதினி."

"அது ஆளுக உக்காருற எடம்லா. எனக்கு இங்கனயே போதும்."

"நீங்க அங்கன உக்காந்ததே இல்லையா?"

"தூத்துப் பெருக்கிருக்கேன். தண்ணி ஊத்திருக்கேன். உக்காந்ததில்ல."

"அவர் கூப்பிடலையா?"

"ஒருநாள் கூப்பிட்டாவ. 'ஏளா, இங்கன வா'ன்னு. கையக் கழுவிட்டு ஓடி வந்தேன். 'சட்னி கொண்டா'ன்னாவ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்து, "நீங்க ஏன் மொறைக்கீங்க? அந்தச் சட்னிய நீங்களுந்தான தொட்டுத் தின்னீங்க?" என்றார். தின்றேன்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீடு யாருடையது? கூப்பிட்டது யார்? காலை நீட்டிச் சும்மா இருப்பதுதான் வாழ்க்கை என்று ஊருக்கே உபதேசம் செய்தது யார்? உம் சும்மாவுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டே இருந்தார் வே. சமையல்கட்டுக் கதவைத் திறந்துதானே வைத்திருந்தீர்? ஒருதரம் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கார்த்திகையில் ஒருநாள் மதினி பலகை வட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். "இதுல இருந்த மரிக்கொழுந்து பேச்சியம்மா வீட்டுல வாடிக் கெடக்கு, பஸ்ஸுல போகும்போது பாத்தேன். இது கண்டக்டர் வீட்டுக்குப் போச்சு. இன்னா, இது இசக்கி கடையில நிக்கி." எல்லாத் தொட்டியும் எங்கே இருக்கிறது என்று மனசில் வைத்திருந்தார்.

"திருப்பிக் கேட்டுருவோம்" என்றேன்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கவா? மானம் போயிரும்."

"நீங்களா குடுத்தீங்க? அவங்களைச் சும்மா வரச் சொல்லுவோம். வரும்போது தொட்டியக் கொண்டாரச் சொல்லுவோம். நீங்க உங்க டெக்குல உக்காந்து வாங்கி வைக்கணும்."

வருஷம் திரும்பாத வீடு. பூ வைத்து ஆளைக் கூப்பிட்டால் என்ன பேசுவார்கள் என்று மதினிக்குத் தெரியும். கடைசியில், "உக்காரணும்போலத்தான் இருக்கு" என்றார். குரல் மெல்ல வந்தது. உடனே, "ஆளு வந்தா வடை கேப்பாங்களே. யாரு சுடுவா?" என்றார்.

"நான் சுடுதேன்."

"நீங்களா? டெக்கையும் சேத்துச் சுட்டுருவீங்க." நீர் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அழைப்பையும் நானே எழுதினேன். பந்தல் போட்ட வீடுகளில் கொடுத்த கல்யாணப் பத்திரிகைகள் என்னிடம் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. அவற்றின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. 'மார்கழி கடைசி ஞாயிறு சாயங்காலம் சும்மா வாருங்கள். எடுத்துப் போன தொட்டியோடு வாருங்கள். இப்படிக்கு' என்று எழுதிவிட்டு மதினி பெயரைக் கேட்டேன். "மரக்கடை வீட்டம்மான்னு போடுங்க, தெரியும்" என்றார். முடியாது என்றேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை. சண்முகவடிவு. ஒவ்வொரு பத்திரிகையிலும் எழுதினேன். எழுத எழுத அழகாகிக்கொண்டே வந்தது. கடைசிப் பத்திரிகையைக் கொடுக்க மனமில்லாமல் நானே வைத்துக்கொண்டேன்.

வடையை என் வீட்டுக்காரி பழக்கினாள். "ஊரெல்லாம் பந்தல் போட்டான், அடுப்படிக்கு வழி தெரியலயே" என்று ஏசி ஏசிப் பழக்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெக்கைப் பெருக்கி, நாற்காலிகளைப் போட்டு, அடுப்பைப் பற்ற வைத்தேன். வெயில் இறங்கியது. ஒருவரும் வரவில்லை. ஒரு பூவும் இல்லாத டெக். காலி நாற்காலிகள். மதினி படியிலேயே உட்கார்ந்திருந்தார். "நான்தான் சொன்னேம்லா, துட்டி வீட்டுக்கு யாரு வருவா" என்று எழுந்து உள்ளே போகப் பார்த்தார். எனக்கு ஊர்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அதற்கான எழுத்துகளை மதினி சொல்லித் தரவில்லை.

அப்போது பேச்சியம்மா இடுப்பில் தண்ணீர்க் குடம் வைக்கிற மாதிரி தொட்டியை வைத்துக்கொண்டு வந்தாள். "மரிக்கொழுந்து கொஞ்சம் வாட்டமா இருக்கு மதினி. ஏசாதீங்க" என்றாள். பின்னாலேயே இசக்கி. அவன் செவ்வந்தி காடாக வளர்ந்து முகத்தை மறைத்தது. "கடையில மிஞ்சுன டீத்தூளெல்லாம் இதுக்குத்தான் போட்டேன். குடிக்கிறவன விட இதுக்குத்தான் நல்லா ஒத்துக்கிட்டு" என்றான். அடுத்து வந்தவர் தொட்டியில் செடிக்குப் பக்கத்திலேயே தக்காளியும் காய்த்திருந்தது. கண்டக்டர் கடைசியில், பிளாஸ்டிக் பூ வைத்த தொட்டியோடு கூச்சப்பட்டு நின்றார். "செடி பட்டுப்போச்சு. வெறுங்கையோட வர மனசு வரல."

"அதைச் சமையக்கட்டு சன்னல்ல வைங்க. அங்கனதான் இனி ஆளு இருக்க மாட்டாங்க" என்றார் மதினி.

உம் பிரம்பு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டேன். "உக்காருங்க" என்றேன். எல்லாரும் பார்த்தார்கள். மதினி படியிலிருந்து டெக்கில் ஏறி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். எந்த நிமிஷமும் எழுந்து ஓடுகிறவர் மாதிரி உட்கார்ந்தார். பிறகு, "அந்தச் செவ்வந்திய இன்னும் கொஞ்சம் பைய நவுத்துங்க. கேந்தி ஓரத்துக்கு" என்று சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்லச் சாய்ந்தார்.

நான் முதல் ஈடு வடையைப் போட்டிருந்தேன். அப்போது உம் அக்கா குரல் கேட்டது. ஆழ்வார்திருநகரிக்கு யார் சேதி சொன்னார்களோ!

"ஏளா, உனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? வருசம் திரும்பல. அதுக்குள்ள பூவும் கூத்துமா? என் தம்பி என்ன சொன்னான்?"

நான் கரண்டியோடு ஓடினேன். ஓடுகிற வேகத்தில் எண்ணெய் தெறித்துக் கையில் விழுந்தது. பத்து மாதமாகப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன். நான் போய்ச் சேருவதற்குள் மதினி பேசிவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பேசினார். நாத்தனார் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அவுக இருக்குற வரைக்கும்னு அவுக சொன்னாவ அக்கா. நான் இருக்குற வரைக்கும்னு நான் சொல்லுதேன்." பிறகு அதே குரலில், "உக்காருங்க. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருப்பீங்க. கால் வீங்கியிருக்கு பாருங்க" என்றார்.

அக்கா எங்கள் எல்லாரையும் ஒருதரம் பார்த்தார். நின்றுகொண்டே இன்னும் கொஞ்சம் ஏசினார். கால் வலித்திருக்க வேண்டும். ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பூக்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்க்க உட்கார்ந்தார். பேச்சியம்மா மரிக்கொழுந்துத் தொட்டியை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அக்கா அதையும் பார்க்கவில்லை. வடையைக் கடித்து, "உப்பு தூக்கல். யாரு சுட்டா?" என்றார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். "வெளங்கும்" என்று சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கை தானாகத் தொங்கி மரிக்கொழுந்தில் உரசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

டீ ஆற்றிக்கொண்டு வந்தபோது டெக்கில் பேச்சுச் சத்தம் இறங்கியிருந்தது. இசக்கி உதட்டில் விரல் வைத்து, "அன்னா" என்று காட்டினான். உம் பிரம்பு நாற்காலியில் மதினி தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கால்கள் நீட்டியிருந்தன, உம் மகன் அனுப்பிய படத்தில் இருந்த மாதிரியே. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். என் வீட்டுக்காரி டம்ளர்களைச் சத்தமில்லாமல் வாங்கி வைத்தாள். எழுந்து போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். உம் டெக்கில் அன்றைக்குத்தான் ஒருவர் நிஜமாகவே சும்மா இருந்தார்.

நீர் அதைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர். அதற்கும் சேர்த்துத்தான் கோபம். ஒரு வார்த்தை வே. 'உக்காரு' என்று ஒரு வார்த்தை. கைநாட்டுக்கூட எழுதிவிடக்கூடிய சின்ன வார்த்தை. உம்மால் சொல்ல முடியவில்லையே.

இப்போது தை பிறந்துவிட்டது. பந்தல் வேலையை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் வந்து இலை கிள்ளுகிறேன், மதினி நாற்காலியில் இருந்துகொண்டு எந்த இலை என்று சொல்கிறார். மாதக் கூட்டத்துக்கு இனி நான்தான் வடை. உப்பு சரியாகிவிட்டது. உம் வீட்டிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த அடுப்பு வேலைதான். கூடவே பெருவிரலுக்குக் கீழே எண்ணெய் தெறித்த புண். பென்சில் சரியாக அதன்மேல்தான் சாய்கிறது. எழுதும்போதெல்லாம் உறுத்துகிறது. பென்சிலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்கிறார் மதினி. நான் தள்ளிப் பிடிப்பதில்லை.